பாட்டி முகம் பாட்டி மாதிரி வர

வணக்கம். பழைய புகைப்படத்தைப் பார்த்துப் பாட்டியை ஆயில் பெயிண்டில் வரைந்ததாகவும், முகம் கத்தரித்து ஒட்டினாற்போல் நிற்பதாகவும், சாயலும் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டு படங்களையும் பார்த்தேன்.

முதலில் சாயல். தப்பான இடத்தில் இருக்கும் கண்ணை எவ்வளவு மென்மையாக்கினாலும் அது தப்பான கண்தான். இரண்டையும் தலைகீழாக, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிவது இதுதான்: புகைப்படத்தில் பாட்டிக்குப் பல் இல்லை. உதடு உள்வாங்கி, மோவாய் மூக்கை நோக்கி ஏறியிருக்கிறது. நீங்கள் இளவயது வாயைப் போட்டுவிட்டீர்கள். சாயல் போனது அங்கேதான்.

சரி, அடுத்து முகத்தை ஒட்டினாற்போல் காட்டும் ஓரங்கள். முடி தொடங்கும் நெற்றி, நிழல் பக்கக் கன்னம், வாயோரம் ஆகியவை கரைய வேண்டும். மேல் இமையும் மூக்குத்தியும் கூர்மையாக இருக்கட்டும். எல்லாவற்றையும் தேய்த்தால் அடுப்புப் புகைக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்! மோனாலிசாவின் வாயோரத்தைப் பாருங்கள், உதடு எங்கே முடிகிறது என்று சொல்லவே முடியாது.

உங்கள் பெயிண்ட் காய்ந்துவிட்டது, அதனால் வெறும் தூரிகையால் தேய்த்துப் பயனில்லை. அந்த இடத்தில் ஒரு துளி ஆளிவிதை எண்ணெய் தடவி, துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அப்புறம் இரண்டு பக்க நிறங்களுக்கும் நடுவான ஒரு நிறத்தை மெல்லியதாக வைத்து, உலர்ந்த மென்தூரிகையால் ஓரத்தின் குறுக்கே லேசாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் தூரிகையைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சேறாகிவிடும்.

வாயை மாற்றியதும் படத்தை மறுபடி போடுங்கள், பார்க்கலாம்.