சிங்க்குக்கு அடில எந்தப் பலகை?

திருத்துறைப்பூண்டி அண்ணே, ஐப்பசி மழைல சிங்க் அடி கபோர்டு பலகை அப்பளமா உப்பிருச்சு, ஆசாரி எம்டிஎஃப் போதும்ங்கிறாரு, கடைக்காரர் தண்ணி தாங்குற மெரைன் ப்ளைவுட்டுங்கிறாரு, யார் பேச்ச கேக்கன்னு கேட்டிருந்தீங்க. அந்த எடத்துக்கு மெரைன்தான். எம்டிஎஃப் மரத்தூள் நாரு, தண்ணி குடிச்சா உப்பும், திரும்ப அமுங்காது.

ஆனா கடைக்காரர் வாயால சொல்ற மெரைன நம்பாதீங்க, பலகைல ஐஎஸ்ஐ முத்திரையோட, மெரைனுக்கான தர எண் ஐஎஸ் 710னு இருக்கணும், அதுல இருக்குற லைசன்ஸ் நம்பர அந்த முத்திரை குடுக்குற பிஐஎஸ்ஸோட 'பிஐஎஸ் கேர்' ஆப்ல போட்டுப் பாருங்க. ஐஎஸ் 303 எம்ஆர்னா லேசான ஈரம் மட்டும் தாங்குற சாதா ப்ளை, யூரியா பசை, பெட்ரூம் அலமாரிக்கு ஓகே, ஈரத்துல விட்டுரும். 710ல பீனால் பசை, 72 மணி நேரம் கொதிக்க வச்சாலும் அடுக்கு பிரியக்கூடாது. ஓரத்துல கருஞ்செவப்பு கோடு தெரியும், அதையும் சாயம் போட்டு ஏமாத்துறானுங்க.

நான் மன்னார்குடில வாங்குனப்ப ரெண்டு கடை துண்ட இட்லி குண்டான்ல போட்டு ஒரு பகல் முழுக்க கொதிக்க விட்டேன், வீட்டம்மா திட்டுன திட்டு தனிக்கதை, ஒண்ணு சாயங்காலம் பழைய நோட்டு மாதிரி இதழ் இதழா வந்துருச்சு. அது மெரைன்னு சொல்லிக் குடுத்ததுதான்!

வெட்டுன ஓரத்த, பைப் ஓட்டைய ஆசாரிய விட்டு சீல் பண்ணச் சொல்லுங்க, தண்ணி உள்ள போறதே அந்த வழியாத்தான். அடித்தட்டுக்கு மட்டும் கடப்பா கல் போட்டுட்டா இன்னும் நிம்மதி. எம்டிஎஃப் மிச்சம் இருந்தா ஹால்ல போடுங்க, இ1 ரகமான்னு (பசைல இருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கம்மியா வர்ற ரகம்) கேட்டுக்கங்க, அந்த வாயுவால புதுசுல கண்ணு எரியும், ஜன்னல தொறந்து வைங்க.