மிதக்கும் ரப்பர் புழு வார்க்கிறீர்களா? பொடி வாங்கும் முன் முள்ளை எடை போடுங்கள்

கேள்வி: தூண்டிலுக்கான ரப்பர் புழுக்களை வீட்டிலேயே வார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ‘மிதக்கும் ரகம்’ என்று டப்பாவில் போட்டிருந்த திரவ பிளாஸ்டிக்கை வாங்கினேன். வார்த்த புழு தனியாக மிதக்கிறது. முள்ளைக் கோத்ததும் மூழ்கிவிடுகிறது. இது ஏமாற்று வேலைதானே? டப்பாவைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: புழு தனியாக மிதக்கிறது என்றால் டப்பாவில் இருப்பது பொய் இல்லை. ஆனால் எவ்வளவு எடையுள்ள முள்ளோடு மிதக்கும் என்பதையும் அதில் போட்டிருக்க வேண்டும். முள் இல்லாத இரையால் யாருக்கு என்ன பயன்? முள்ளோடும் மிதக்கும் என்று விளம்பரத்திலோ விற்றவர் வாய்மொழியிலோ உறுதி கொடுத்திருந்தால், தயங்காமல் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம், அதையே சரிசெய்துகொள்ளலாம்.

கணக்கு முள்ளில் தொடங்குகிறது. உங்கள் முள் 2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எஃகு தண்ணீரைவிட ஏறக்குறைய 7.8 மடங்கு கனம் என்பதால், அந்த முள் ஒதுக்கும் தண்ணீர் கால் மில்லிதான். மீதி 1.75 கிராமையும் புழுவே தாங்கியாக வேண்டும். அளவுக்கோடு போட்ட குழாயில் தண்ணீர் விட்டு, புழுவை உள்ளே அமுக்கி, மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 10 மில்லி ஏறினால், அந்தப் புழுவின் எடை 8.25 கிராமைத் தாண்டக் கூடாது. ஒன்றும் சேர்க்காத சாதாரண பிளாஸ்டிசாலில் (புழு வார்க்கும் திரவ பிளாஸ்டிக்கின் பெயர் இது) அதே புழுவை வார்த்தால் 10 கிராமுக்குச் சற்று மேலேயே வரும். உப்புத்தூள் கலந்தால் இன்னும் கனக்கும், ஆகவே மிதக்கும் இரையில் உப்புக்கு இடமே இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் மைக்ரோபலூன் என்கிற கண்ணாடிப் பொடி. உள்ளே கூடான, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத கண்ணாடி உருண்டைகள் அவை. மேலே சொன்ன புழுவுக்குக் கனஅளவில் ஏறக்குறைய கால் பங்கு உருண்டை தேவைப்படும். அடர்த்தி 0.15 (ஒரு மில்லிக்கு 0.15 கிராம்) உள்ள பொடியாக இருந்தால், 75 மில்லி திரவத்துக்கு 3.75 கிராம், அதாவது தாராளமாக 4 கிராம். உங்கள் புழு ஏற்கெனவே தனியாக மிதப்பதால் இதைவிடக் குறைவாகவே பிடிக்கும். ஒரு கிராமில் தொடங்கி, ஒரு புழு வார்த்து, முள் கோத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தபின் கூட்டுங்கள். அளவுக்கு மீறினால் புழு விறைத்து, வால் ஆடாமல் போகும், சீக்கிரம் கிழியவும் செய்யும். முடிந்தால் மெல்லிய கம்பி முள்ளுக்கு மாறுங்கள். பொடியைக் கூட்டுவதைவிட அதுதான் நல்ல வழி என்பது என் கருத்து.

கேள்வி: ஒரே எடையுள்ள இரண்டு மைக்ரோபலூன் டப்பாக்கள், விலையில் பெரிய வித்தியாசம். மலிவானதை வாங்கலாமா?

பதில்: எடையை வைத்து விலையை ஒப்பிடாதீர்கள். நீங்கள் வாங்குவது இடத்தை அடைக்கும் பொருளை. அடர்த்தி 0.15 உள்ள 100 கிராம் பொடியின் உருண்டைகள் 660 மில்லிக்கு மேல் இடம் அடைக்கும். 0.38 என்றால் 265 மில்லியை எட்டாது. டப்பாவில் அடர்த்தி எண் இல்லையா, வாங்காதீர்கள். பொருள் கண்ணாடிதானா என்றும் கேளுங்கள், ஏனென்றால் பிளாஸ்டிக் உருண்டைகள் சில, உருக்கும் சூட்டில் சுருங்கிவிடும். பழுப்பு நிறப் பொடி சாயத்தைக் கெடுக்கும்.

கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்தே சேருங்கள். உருண்டைகளுக்கு நடுவே காற்று நிற்பதால் கரண்டிக் கணக்கு பொய்த்துவிடும். கையால் மெதுவாகக் கிளறினால் போதும், மின்சாரத்தில் சுழலும் கலக்கி உருண்டைகளை உடைத்துவிடும். சூடான திரவத்தில் பொடி மேலே ஏறிவிடும் என்பதால், ஒவ்வொரு அச்சுக்கும் முன்னால் ஒருமுறை கிளற வேண்டும். கிளறாமல் கோப்பையைச் சாய்த்து ஊற்றினால் முதலில் வார்த்தவை மிதக்கும், அடியில் எஞ்சியதில் வார்த்தவை மூழ்கும். ஒரே கலவையில் பாதி மிதந்து பாதி மூழ்குகிறது என்று எழுதுபவர்களுக்கும் இதுவே பதில்.

பளிங்கு போன்ற நிறம் மட்டும் கிடைக்காது. பொடி சேர்ந்தாலே பால் கலந்தாற்போல மங்கும். கொட்டும்போதும் கலக்கும்போதும் தூசிக்கான முகக்கவசம் கட்டாயம்.

கேள்வி: பொடியே இல்லாமல் ஊசியால் காற்று ஏற்றினால் மிதக்காதா?

பதில்: மிதக்கும். வால் பகுதியில் ஏற்றினால் வால் மட்டும் நிமிர்ந்து நிற்கும். ஈயத் தலை முள்ளோடு அடியில் போட்டுப் பிடிப்பவர்களுக்கு அதுவே போதும், அவர்கள் பொடிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு கடி பட்டாலே காற்று போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: சமையலறை மைக்ரோவேவிலேயே உருக்கலாமா? ‘தாலேட் இல்லாதது’ என்று போட்டிருக்கிறதே.

பதில்: கூடாது. 1949-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வீட்டு அடுப்பில் ரப்பர் புழு வார்த்த கதையைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். தாலேட் இல்லை என்பது மென்மையூட்டும் எண்ணெயைப் பற்றிய செய்தி மட்டுமே. பிளாஸ்டிசாலில் இருப்பது பிவிசி. கருகினால் மூக்கை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். தனி மைக்ரோவேவ், தனிக் கண்ணாடிக் கோப்பை, திறந்த வெளி அல்லது காற்றை வெளியே தள்ளும் விசிறி வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பாத்திரம் பிறகு சாப்பாட்டுக்கு ஆகாது.

வெள்ளைத் திரவம் முதலில் தயிர்போலக் கட்டிதட்டும். 170 முதல் 180 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகிப் பாகுபோல ஓடும். பொடியைச் சேர்க்கும் நேரம் அது. மஞ்சள் தட்டத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். லேசர் வெப்பமானி மேற்பரப்பின் சூட்டை மட்டுமே காட்டும், கிளறிவிட்டுப் பாருங்கள். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கொதிக்கும் பிளாஸ்டிக் முகத்தில் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: கிழிந்த பழைய புழுக்களை உருக்கி மிதப்பவையாக்கலாமா?

பதில்: தண்ணீரில் போட்டுப் பாருங்கள். விருட்டென்று அடிக்குப் போவதில் பெரும்பாலும் உப்பு இருக்கும், அதை ஒதுக்கிவிடுங்கள். மெதுவாக இறங்குபவை உதவும். ரப்பர் பட்டைபோல இழுபட்டு, தானாகவே மிதப்பவை டிபிஇ (பிவிசி அல்லாத, ரப்பர்போல நீளும் வேறொரு பிளாஸ்டிக்) ரகமாக இருக்கலாம். அவற்றை இந்தக் கலவையில் சேர்க்காதீர்கள். ஒரே பெட்டியில் போட்டு வைத்தாலே இரண்டும் ஒன்றையொன்று உருக்கிப் பிசினாகிவிடும்.