விருந்தில் மிஞ்சியதும் அண்டை வீட்டுப் பங்கும்

அஸ்ஸலாமு அலைக்கும்.

எங்கள் வீட்டில் விருந்து முடிந்ததும் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டி இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். வீணாக்காமல் ஸதகா (தர்மம்) செய்கிறோம் என்று எனக்கு நிறைவு. "இதெல்லாம் உணவளித்ததில் சேராது" என்கிறார் என் நாத்தனார். சரிதானா? இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் முஸ்லிம்கள் அல்லர். குர்பானி (பக்ரீத் பலி) சமயத்தில் அவர்களுக்கும் கொடுத்தனுப்பலாமா?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். மிஞ்சியதைக் கொட்டாமல் கொடுக்கிறீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நான் உங்கள் நாத்தனார் பக்கம்தான்.

"குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டி வையும், அண்டை வீட்டாரைக் கவனியும்" என்று தோழர் அபூதர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) சொன்னதாக 'முஸ்லிம்' என்ற தொகுப்பில் ஒரு ஹதீஸ் (நபிமொழி) உண்டு. தண்ணீரை எப்போது கூட்ட முடியும்? சட்டி அடுப்பில் இருக்கும்போதுதானே. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அல்ல. அடுத்த வீட்டுப் பங்கு சமைக்கும்போதே கணக்கில் வந்துவிடுகிறது. கூட்டச் சொன்னதும் கறியை அல்ல, தண்ணீரை. கையில் வசதியில்லை என்று சொல்லவும் வழியில்லை.

எதைக் கொடுப்பது என்பதிலும் குர்ஆன் கறாராக இருக்கிறது. சத்தியத்தை முறித்தவர் பரிகாரமாக 10 ஏழைகளுக்கு உணவளிக்கலாம். எந்த உணவு? உங்கள் குடும்பத்தாருக்கு நீங்கள் போடுவதில் நடுத்தரமானது என்கிறது 5:89 வசனம். கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே வாங்கிக்கொள்ளாத மட்டமானதைக் கொடுக்க நினைக்காதீர்கள் என்கிறது 2:267. ஆறிப்போன பொட்டலத்தைக் கட்டும்போது இந்த இரண்டையும் நினைத்துப் பாருங்கள்.

பணியாள் உணவு கொண்டுவந்தால் அவரை உடன் உட்காரவையுங்கள், முடியாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுங்கள், அதன் சூட்டையும் சிரமத்தையும் தாங்கியவர் அவர்தான் என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. நம் விருந்துகளிலோ அடுப்படியில் வெந்தவர்கள்தான் கடைசிப் பந்தி. பணக்காரர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா (திருமண விருந்து) உணவே உணவுகளில் மோசமானது என்பதும் ஹதீஸ்தான். அழைப்புப் பட்டியல் எழுதும்போது யாருக்கும் அது ஞாபகம் வருவதில்லை. கொடுப்பதைப் படம் பிடித்துப் போடுகிறவர்களுக்குக் குர்ஆனின் 76:9 போதும்: "உங்களிடம் கைம்மாறையோ நன்றியையோ நாங்கள் நாடவில்லை."

மிச்சத்தைப் பற்றி நபியவர்கள் வீட்டிலேயே ஒரு பேச்சு நடந்திருக்கிறது, திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஓர் ஆட்டை அறுத்துப் பங்கிட்டார்கள். "என்ன மிஞ்சியது?" என்று நபி (ஸல்) கேட்க, "தோள்பகுதி மட்டும்தான்" என்றார் அவர்கள் மனைவி ஆயிஷா (ரலி). "தோள்பகுதி தவிர எல்லாம் மிஞ்சியிருக்கிறது" என்று பதில் வந்தது. கொடுத்ததுதான் நமக்கென்று நிற்கிறது. அடுத்த விருந்தில் அளவு கூட்டிச் சமைத்து, பந்தி தொடங்குமுன் இல்லாதவர்கள் பங்கை அனுப்பிவிடுங்கள். உங்கள் நாத்தனாருக்கும் வாயடைக்கும்.

பக்கத்து வீட்டாருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுத்தபோது, "நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டிருக்கிறார். குர்பானி இறைச்சியையும் முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம் என்றே அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அவர்கள் இறைச்சி சாப்பிடுகிறவர்கள்தானா என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர்கள் சாப்பிடுவதாகப் பார்த்து ஏதாவது செய்து அனுப்புங்கள்.