ஆய்வும் தணிக்கையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் இணையப் பொய்த்தகவல்களை ஆராய்ந்தவர்கள் அரசியல் நெருக்கடியால் முடக்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் அரசோடு கைகோத்து, குடிமக்களின் 2.2 கோடி ட்வீட்டுகளைத் தணிக்கை செய்தவர்கள் என்றே நான் படித்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களை நாடாளுமன்றம் விசாரிப்பதில் என்ன தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் குறிப்பிடும் எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். 2020 அதிபர் தேர்தலின்போது ஸ்டான்ஃபோர்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மையங்களும் வேறு இரு அமைப்புகளும் சேர்ந்து தேர்தல் வதந்திகளைக் கண்காணித்தன. பெரிதாகப் பரவிய வதந்திகளை ஒட்டி எத்தனை ட்வீட்டுகள் வந்தன என்று தேர்தல் முடிந்தபின் எண்ணிப் பார்த்து, 2021 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் அவர்கள் எழுதிய தொகைதான் ஏறத்தாழ 2.2 கோடி. அது பரவலின் அளவு. நீக்கப்பட்ட பதிவுகளின் கணக்கு அல்ல. சமூக ஊடக நிறுவனங்களின் பார்வைக்கு அவர்கள் கொண்டுசென்றவை ஏறத்தாழ 4,800 இணைப்புகள். அவற்றிலும் 35 விழுக்காட்டின் மீதே நிறுவனங்கள் ஏதேனும் நடவடிக்கை எடுத்தன. அதிலும் பெரும்பகுதி எச்சரிக்கைக் குறிப்பு சேர்ப்பதோடு நின்றது. ஒரு வதந்தி எப்படிப் பிறக்கிறது என்று காட்ட அவர்களே தேடியிருந்தாலும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்திருக்காது.

அரசோடு இருந்த நெருக்கம் பற்றிய உங்கள் ஐயத்தை நான் தள்ளிவிடவில்லை. இத்திட்டத்தின் எண்ணமே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழுள்ள இணையப் பாதுகாப்பு முகமையில் பயிற்சி பெற்ற ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடமிருந்து வந்தது. ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கையில் உள்ள அரசு ஒரு நிறுவனத்திடம் வைக்கும் வேண்டுகோள், எவ்வளவு பணிவாகச் சொல்லப்பட்டாலும், வெறும் வேண்டுகோளாக இருப்பதில்லை. மிசௌரி, லூசியானா மாநிலங்கள் அமெரிக்க அரசின் மீது 2022இல் தொடுத்த வழக்கின் மையம் அதுதான். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம், தங்களுக்கு நேர்ந்ததாகச் சொல்லும் பாதிப்பு அரசின் செயலால்தான் வந்தது என்று காட்ட வாதிகளால் முடியவில்லை, எனவே வழக்குத் தொடரும் தகுதி அவர்களுக்கு இல்லை என 6–3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பேச்சுரிமை குறித்த அடிப்படைக் கேள்விக்கு அது விடை சொல்லவில்லை. ஆய்வாளர்களின் நண்பர்கள் சிலர் அதை முழு விடுதலையாகக் கொண்டாடியது மிகை என்றே நினைக்கிறேன்.

ஆகவே விசாரிப்பது தவறல்ல. விசாரணை எதை நோக்கிச் சென்றது என்பதுதான் என் கவலை. பதிவுகளை நிறுவனங்களுக்குச் சுட்டிக்காட்டுவது ஒரு வேலை. வதந்தி எங்கே தொடங்கி யார் வழியாகப் பரவுகிறது என்று படிப்பது வேறொரு வேலை. குற்றச்சாட்டு முதல் வேலையைப் பற்றியது. ஆனால் அடி இரண்டின் மேலும் விழுந்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜிம் ஜோர்டன் தலைமையிலான, நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபையின் குழு 2023இல் பல்கலைக்கழகங்களின் மின்னஞ்சல்களைக் கேட்டு அழைப்பாணை அனுப்பியது. தனியார் வழக்குகளும் கூடவே வந்தன. எந்தத் தீர்ப்பும் வருவதற்கு முன்பே வழக்கறிஞர் செலவும் மிரட்டல்களும் தண்டனையாகிவிட்டன. 2024 ஜூனில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்தின் ஆய்வு மேலாளர் ரெனே டிரெஸ்டாவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. தேர்தல் வதந்திகளைக் கண்காணித்து ஆராயும் பணி அங்கே நின்றது. ஆய்வகத்தின் பணி வேறு வடிவில் தொடர்வதாகப் பல்கலைக்கழகம் சொன்னது உண்மை. குழந்தைகள் பாதுகாப்பு குறித்த ஆய்வைத்தான் அது முதன்மையாகக் குறிப்பிட்டது. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தரும் லயான் என்னும் படத் தொகுப்பில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்கள் கலந்திருப்பதை 2023 டிசம்பரில் கண்டுபிடித்துச் சொன்னதும் இதே ஆய்வகம்தான்.

அரசு மட்டுமே காரணம் என்றும் நான் சொல்லமாட்டேன். ட்விட்டர் தன் தரவுகளை ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தந்துவந்ததை 2023இல் நிறுத்தியது. ஃபேஸ்புக் பதிவுகளின் பரவலைக் காண உதவிய கிரௌட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. இவை நிறுவனங்களின் முடிவுகள்.

ஆனால் 2025 ஏப்ரலில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, பொய்த்தகவல் குறித்த ஆய்வுகளுக்குத் தந்திருந்த மானியங்களை, பேச்சுரிமையைக் காரணம் காட்டி ரத்துசெய்தது அரசின் முடிவு. யாருடைய பதிவையும் நீக்கச் சொல்லாமல், ஒரு வதந்தி எப்படிப் பரவுகிறது என்று மட்டும் படிக்கும் ஆய்வாளரின் நிதியை நிறுத்துவதால் எந்தக் குடிமகனின் பேச்சுரிமை காக்கப்படுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கினால் எழுதுங்கள், வெளியிடுகிறேன்.