புழுவுக்கு எதற்கு பாக்டீரியா மருந்து?

"யானைக்கால் புழுவுக்கு டாக்ஸிசைக்ளின் என்கிற பாக்டீரியா மருந்தைச் சோதிக்கிறார்களாமே, புழு என்ன பாக்டீரியாவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ கால் வீங்கி, மருந்துச் சீட்டைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடம் எடுபிடியாக இருந்தவன். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் கீழே சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

புழு பாக்டீரியா இல்லைதான். ஆனால் யானைக்கால் புழுவின் உடம்புக்குள் வோல்பாக்கியா என்றொரு பாக்டீரியா குடியிருக்கிறது. அது போய்விட்டால் புழுவால் குட்டி போட முடியாது, நாளடைவில் புழுவும் செத்துவிடும். மருந்து குறிவைப்பது அந்தக் குடித்தனக்காரனைத்தான்.

இது தெரிந்தும் நான் ஏமாந்தேன். யானைக்கால் புழுக்களில் ஒன்றான புரூஜியா மலாயியை ஏற்றிய ஜெர்பில் எலிகளுக்கு 6 வாரம் குடிதண்ணீரில் டெட்ராசைக்ளின் (டாக்ஸிசைக்ளினின் குடும்பத்து மருந்து) கலந்து கொடுத்தோம். அப்புறம் வயிற்றுக்குள்ளிருந்து புழுக்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டால், வெள்ளை நூல் நூலாக ஜம்மென்று நெளிகின்றன! நோட்டில் 'பலன் இல்லை' என்று எழுதிவிட்டேன். சீனியர் அக்கா ஒன்றும் பேசாமல் ஒரு பெண் புழுவைக் கீறி, கருப்பையை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, "இப்போ பார்" என்றார். மருந்து தராத புழுவில் குட்டிகள் சுருண்டு சுருண்டு அடைத்துக் கிடக்கும். இதிலோ உருக்குலைந்த கருக்கள், பாதிக்கு மேல் வெற்றிடம். நோட்டில் எழுதியதை அடித்தேன்.

மனிதர்களிலும் இதே நிதானம்தான். டாக்ஸிசைக்ளின் தினம் 200 மில்லிகிராம், 4 முதல் 6 வாரம். வளர்ந்த புழு சாக ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஊருக்கே மாத்திரை கொடுக்கும் திட்டத்துக்கு இது சரிப்படாததற்கு இவைதான் காரணம். குறைந்த நாளில் வேலையை முடிக்கிற மருந்தைத் தேடுகிறார்கள்.

'ஆன்டிபயாடிக்கைத் தூக்கிப் பிடிக்கிறான்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். நீங்களாக வாங்கிச் சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குடலில் இருக்கும் உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்குள் வோல்பாக்கியாவே கிடையாது, அவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

அந்தக் கருப்பைப் படம் பிறகு ஆய்வுக்கட்டுரையில் வந்தது. எடுத்தது நான். எட்டுப் பேர் பெயர் போட்டார்கள், அதில் இரண்டு பேர் அந்த எலிக்கூண்டுப் பக்கம் வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட வந்து தண்ணீர் பாட்டில் மாற்றியவனுக்கு நன்றி வரியில்கூட இடமில்லை.