வாங்கும் முன் கேளுங்கள்: சியோல் குளிரும் நம் காசும்

ஆண்டு இறுதி நெருங்கிவிட்டது என்று உங்கள் கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. இந்த வாரம் வந்ததில் பாதிக்கு மேல் கொரியா பயணம் பற்றியவை. அதனால் குழாய், குளிர்சாதனப் பெட்டி, பழைய கார் எல்லாம் அடுத்த வாரம்.

கூட்டாளிகள் ஆறு பேர் ஜனவரியில் சியோல் போகிறோம். பேரங்காடியில் நல்ல குளிர் ஜாக்கெட் 600 வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார்கள். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்கிறான் ஒருவன். எது சரி அக்கா? (பெட்டாலிங் ஜெயா)

அங்கே போய் வாங்குவது என்றால் விமான நிலையத்திலிருந்து கடை வரைக்கும் எதைப் போட்டுக்கொள்வார் அவர்? ஜனவரியில் சியோலின் சராசரியே மைனஸ் 2 பாகை அளவில் இருக்கும், விடியற்காலையில் மைனஸ் 10-க்கும் கீழே இறங்கும் நாள்களும் உண்டு. 600 வெள்ளியும் வேண்டாம். பழைய துணி விற்கும் பண்டல் கடைக்குப் போங்கள். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வரும் பழைய ஜாக்கெட்டுகள் அந்த ஊர்க் குளிருக்கென்றே தைத்தவை, விலையும் கால்வாசி கூட வராது. ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். ஜிப்பை மேலும் கீழுமாகப் பத்துத் தடவை இழுங்கள். இறகு அடைத்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள், மெல்ல உப்பி எழுந்தால் நல்லது, கட்டி கட்டியாக அப்படியே கிடந்தால் ஈரத்தில் கெட்டுப்போனது. தையலோரம் இறகுக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் வைத்துவிடுங்கள். முகர்ந்தும் பாருங்கள், பூஞ்சை வாடை துவைத்தாலும் லேசில் போகாது.

மிச்சப் பணத்தை உடம்போடு ஒட்டும் உள்ளாடை இரண்டு செட், கையுறை, காது மூடும் தொப்பி இவற்றில் போடுங்கள். ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள். கொரிய வீடுகளில் தரைக்கு அடியிலேயே சூடு ஓடும், ஒண்டோல் என்பார்கள். கடைகளும் ரயிலும் அப்படித்தான் சூடாக இருக்கும். உள்ளே போனால் கழற்ற, வெளியே வந்தால் மாட்ட, அடுக்கடுக்காகத்தான் உடுத்த வேண்டும்.

விமானம் ரத்தாகிவிட்டது. இப்போது பயணக் காப்புறுதி எடுத்தால் பணம் கிடைக்குமா? (சிரம்பான்)

கிடைக்காது. டிக்கெட் எடுத்த அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும்.

நேரலை விற்பனையில் 39 வெள்ளிக்குப் பனி பூட்ஸ் வாங்கினேன். வாசலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், சாக்ஸ் நனைந்துவிட்டது. "இது அழகுக்குத்தான்" என்கிறார் விற்றவர். (கிள்ளான்)

தண்ணீர் புகாது என்று விளம்பரத்தில் எங்காவது இருந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, செயலியில் "பொருள் கிடைத்தது" பொத்தானை அமுக்குவதற்கு முன் திருப்பி அனுப்பக் கேளுங்கள். அமுக்கிவிட்டால் பணம் அவர் கைக்குப் போய்விடலாம், பிறகு திரும்ப வாங்குவது கஷ்டமாகலாம். இல்லை, விளம்பரத்தில் எதுவும் இல்லாமல் 39 வெள்ளியைப் பார்த்ததும் வாங்கினீர்கள் என்றால் நான் என்ன சொல்வது? இந்த மாதம் மட்டும் இது நான்காவது பூட்ஸ் கடிதம்.

பூட்ஸ் விஷயத்தில் நானும் பட்டிருக்கிறேன். கிடங்கு விற்பனை ஒன்றில் நல்ல பெயருள்ள பூட்ஸ், பாதி விலை, 280 வெள்ளி கொடுத்து வாங்கினேன். ஒரு தடவை கேமரன் மலைக்குப் போட்டதோடு சரி, ஆறு வருடம் பினாங்கு வீட்டு அலமாரியில் நெகிழிப் பைக்குள் கிடந்தது. கூட்டாளிகளோடு சியோலில் இறங்கிய முதல் நாள், சுரங்க ரயில் படியில் ஏறும்போது வலது குதிகால் பக்கம் ஏதோ அழுந்தியது. குனிந்து பார்த்தால் அடிப்பாகம் ஊறிய ரஸ்க் மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்து படியில் கிடக்கிறது. கால்விரல் மரத்துப்போக, கிடைத்த கடையில் சொன்ன விலைக்கு வேறு ஜோடி வாங்கினேன்.

பிறகுதான் காரணம் தெரிந்தது. பல பூட்ஸ்களின் அடியில் இருப்பது பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதற்குள் போய் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சிதைத்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் வேகமாக நடக்கும். போடாமல் வைத்திருந்தால் பத்திரமாக இருக்கும் என்பது தப்பு. அதனால் மலிவு விற்பனையில் பழைய சரக்கு பூட்ஸ் வாங்காதீர்கள். வீட்டில் கிடப்பதையும் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே மாட்டிக்கொண்டு உங்கள் குடியிருப்புத் தாமானை நான்கு சுற்று சுற்றி வாருங்கள்.

கூட்டாளிகள் ஏழு பேர், ஆளுக்கு 3,900 வெள்ளி, பேஸ்புக்கில் பழக்கமான ஒருவரிடம் கட்டினோம். டிக்கெட் சரியாக வந்தது. இஞ்சோன் விமான நிலையத்தில் காலை ஆறரைக்கு இறங்கினோம், பெயர்ப் பலகையோடு யாரும் இல்லை. ஒன்பது மணி வரை நின்றோம். விடுதிக்கு அழைத்தால் அப்படி ஒரு பதிவே இல்லை என்றார்கள். அவர் எண் அணைந்துவிட்டது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், ஏனென்றால் ஆளைக் கொண்டு வந்தது நான். (பட்டர்வொர்த்)

முதலில் ஒன்று, தம்பி. ஏமாற்றியது அந்த ஆள், நீங்கள் இல்லை. டிக்கெட்டைச் சரியாக வாங்கித் தந்து நம்பிக்கையை ஊன்றிவிட்டு மீதியைச் சுருட்டுவது பழகிய கையின் வேலை. உங்கள் கூட்டாளிகளுக்கும் இதையே படித்துக் காட்டுங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஏழு பேரும் போலீஸ் புகார் செய்யுங்கள், ஒருவர் செய்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பணம் போன வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மோசடி தெரிந்த உடனே என்றால் 997-ஐ அழைக்க வேண்டும், தேசிய மோசடி எதிர்ப்பு மையம் அது, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் மறிக்கப் பார்ப்பார்கள். உங்கள் விஷயத்தில் நாள் ஆகிவிட்டது, இருந்தாலும் புகார் இருக்கட்டும்.

அப்புறம் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம். 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தீர்ப்பு வந்த 14 நாளில் பணம் தராவிட்டால் அதுவே குற்றம். ஆளுக்கு ஒரு மனுவாகப் போடுங்கள். அந்த ஆளின் முழுப்பெயரும் முகவரியும் வேண்டியிருக்கும், வங்கிச் சீட்டிலுள்ள பெயரைப் போலீஸ் புகாரில் மறக்காமல் எழுதுங்கள்.

சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சிடமும் புகார் செய்யலாம். 1992 சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் பயணத் தொகுப்பு விற்கக் கூடாது. உரிமம் உள்ளவர்களிடம் உரிம எண் இருக்கும். பயணம் போகும் மற்றவர்கள் அந்த எண்ணைக் கேளுங்கள், அமைச்சின் பட்டியலில் தேடுங்கள், பணத்தை நிறுவனத்தின் கணக்கில் மட்டும் போடுங்கள். தனியாள் பெயரில் கணக்கு எண் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கொரியாவில் நடுவழியில் நிற்க நேர்ந்தால் 1330-ஐ அழையுங்கள், சுற்றுப்பயணிகளுக்கான எண், ஆங்கிலத்தில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

கடையில் கார்டு கொடுத்தால் இயந்திரம் ரிங்கிட்டா, வொன்னா என்று கேட்கிறது. ரிங்கிட் என்றால் கணக்கு சுலபம்தானே? (ஈப்போ)

இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது. வொன். எப்போதும் வொன். ஜப்பானில் யென், லண்டனில் பவுண்ட், எந்த ஊரில் நிற்கிறீர்களோ அந்த ஊர்க் காசு.

ரிங்கிட்டை அமுக்கினால் காசை மாற்றுவது உங்கள் வங்கி இல்லை, அந்த இயந்திரத்தின் பின்னால் இருக்கும் நிறுவனம். அது தனக்கு லாபம் வைத்து ஒரு விலை போடும், அதில் கடைக்கும் பங்கு போகலாம். இது போதாதென்று நம் வங்கிகளில் சில, ரிங்கிட்டில் கட்டினாலும் வெளிநாட்டுக் கடை என்று தனிக் கட்டணம் பிடிக்கின்றன. அன்று பூட்ஸ் வாங்கிய அவசரத்தில், குளிரில் விரல் விறைத்திருந்த நேரத்தில், பழக்கமான எழுத்து தெரிந்ததும் நானும் ரிங்கிட்டைத்தான் அமுக்கினேன். ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தால் வங்கி விலையைவிட 30 வெள்ளிக்கு மேல் கூடுதல். என்னைக் கோபப்படுத்துவது தொகை இல்லை. களைத்துப்போய், மொழி தெரியாமல், பின்னால் வரிசை நிற்கும்போது நம் நாட்டுக் காசின் பெயரைக் காட்டி அதை உதவி மாதிரி விற்கிறார்களே, அதுதான். சில கடைகளில் உங்களைக் கேட்காமல் அவர்களே அமுக்கிவிடுவார்கள். ரசீதில் ரிங்கிட் தொகை இருந்தால் கையெழுத்துப் போடாமல் ரத்து செய்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. பணம் எடுக்கும் இயந்திரத்திலும் "மாற்றம் வேண்டாம்" என்பதையே தொடுங்கள்.

கொரியாவுக்குள் நுழைய முன்கூட்டியே இணையத்தில் வாங்கும் கே-இடிஏ அனுமதிக்கு மூன்று பேருக்கு ஓர் இணையப் பக்கத்தில் 900 வெள்ளி கட்டிவிட்டோம். சரியான விலையா? (செந்தூல்)

இல்லை. கொரிய அரசு வாங்குவது ஆளுக்குச் சுமார் 10,000 வொன், நம் காசுக்கு ஏறக்குறைய முப்பது வெள்ளி. தேடியதும் மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்கியிருப்பீர்கள். உண்மையான பக்கத்தின் முகவரி ஜிஓ டாட் கேஆர் என்று முடியும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் இன்றைக்கே ஆட்சேபம் தெரிவியுங்கள். அனுமதி உண்மையிலேயே வந்திருக்கிறதா என்பதை அரசுப் பக்கத்தில் சரிபார்த்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

போன தடவை சியோலில் கைப்பேசி 30 விழுக்காட்டில் பொசுக்கென்று அணைந்துவிட்டது. கடைக்காரர் புது பேட்டரி போட 350 வெள்ளி கேட்கிறார். (ஜெலுத்தோங்)

இங்கே ஒழுங்காக ஓடுகிறதா? அப்படியானால் போடாதீர்கள். குளிரில் பேட்டரி தளர்வது இயல்பு, சூடானால் மீண்டுவிடும். ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள்.

அத்தை ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய்து தருகிறேன் என்கிறார். காற்றுப் புகாமல் கட்டினால் கொண்டுபோகலாமா? (பிறை)

கூடாது. எப்படிக் கட்டினாலும் இறைச்சி இறைச்சிதான், சொல்லாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் கொரிய சுங்கத்தில் பெரிய அபராதம். அத்தையிடம் நெத்திலி சம்பல் கேளுங்கள்.