கண்டன்சிங் பாய்லர்: மாட்டுவதற்கு முன்பும் பின்பும்

வீட்டு ஹீட்டிங் வேலைதான் என் பிழைப்பு. கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, ரேடியேட்டர் என்ற சுவர்த்தகடுகள் வழியாக அறைகளைக் கதகதப்பாக்குவது பாய்லர். புதிதாக அதை மாட்டுகிறவர்கள் கேட்டவற்றைச் சுருக்கி, என் பதிலோடு தருகிறேன்.

விளம்பரத்தில் 107 சதவீதத் திறன் என்கிறார்களே, இது என்ன கணக்கு சார்?

கேஸ் எரிந்தால் நீராவியும் வரும். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஆவியாக. பழைய பாய்லர் அதை அப்படியே புகைக்குழாயில் விட்டுவிடும். கண்டன்சிங் பாய்லர் அந்த ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதில் இருக்கும் சூட்டையும் பிடித்துக்கொள்கிறது. 107 என்பது, ஆவியின் சூட்டைக் கேஸின் கணக்கில் சேர்க்காமல் போட்ட கணக்கு. சேர்த்துப் போட்டால் எந்த பாய்லரும் 100-ஐத் தாண்டாது.

புதிதாக மாட்டி ஒரு குளிர்காலம் முழுக்க ஓடிவிட்டது. கேஸ் பில் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பாய்லர் மேல் பழி போடாதீர்கள். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை எத்தனை டிகிரியில் வைத்திருக்கிறீர்கள்? நான் போய்ப் பார்க்கிற பாதி வீடுகளில் 75, 80 என்று இருக்கும். மாட்டியவர் வைத்துவிட்டுப் போனது, அப்புறம் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

புகையில் இருக்கும் ஆவி தண்ணீராக மாறுவது சுமார் 55 டிகிரிக்குக் கீழேதான். ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீரே 60-ல் இருந்தால், ஆவியைக் குளிரவைக்க அங்கே ஏது குளிர்ச்சி? பெயர்தான் கண்டன்சிங், வேலை செய்வதென்னவோ பழைய பாய்லர் மாதிரி.

இப்படிச் செய்யுங்கள். நல்ல குளிர் நாளில், போகும் தண்ணீரின் சூட்டை 5 டிகிரி குறைத்து ஒரு நாள் விடுங்கள். எல்லா அறையும் போதுமான கதகதப்போடு இருந்தால் இன்னொரு 5. ஏதாவது ஓர் அறை குளிர ஆரம்பித்ததும் ஒரு படி மேலே ஏற்றி நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் கை சுடவில்லையே என்று பதற வேண்டாம். 70 டிகிரி ரேடியேட்டர் தருகிற சூட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் 50-ல் தரும். அதனால் ஹீட்டிங் கூடுதல் நேரம் ஓடும், ஓடட்டும். ஒரே ஓர் அறை மட்டும் அடம்பிடித்தால் அங்கே பெரிய ரேடியேட்டர் மாட்டுவதுதான் வழி.

ஒரு எச்சரிக்கை: சுடுதண்ணீர் டாங்க் இருந்தால் அதை 60-க்குக் கீழே இறக்காதீர்கள், கிருமி வளரும். இறக்க வேண்டியது ஹீட்டிங் சூட்டை மட்டும்.

24 கிலோவாட் காம்பி (டாங்க் இல்லாமல் ஹீட்டிங்குக்கும் குழாய்க்கும் தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர்) போதுமா, 35 வாங்கலாமா அண்ணா?

வீட்டைச் சூடாக்க ஒரு நடுத்தர வீட்டுக்குப் பெரும்பாலும் 10 கிலோவாட்கூட வேண்டாம். பெரிய எண்ணெல்லாம் குழாய்த் தண்ணீருக்காக. 24 கிலோவாட் இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டரை 35 டிகிரி ஏற்றலாம். ஒரு ஷவருக்குத் தாராளம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் குளிப்பார்கள் என்றால் டாங்க் வைத்த பாய்லரை யோசியுங்கள். கடையில் எல்லோரும் பெரிய எண்ணைத்தான் கேட்கிறார்கள். நீங்கள், தீயை எவ்வளவு கீழே இறக்கி எரிக்கும் என்று கேளுங்கள். 3 கிலோவாட் வரை இறங்கினால் நல்லது. இறங்காத பாய்லர் மிதமான குளிரில் அணைந்து அணைந்து எரியும்.

புகையின் ஆவி குளிர்ந்து பாய்லரிலிருந்து வடியும் தண்ணீரை வெளிச்சுவர் வழியாக விடலாமா?

முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே, சிங்க் வடிகாலில் சேருங்கள். அந்தத் தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது, செம்புக் குழாயை அரித்துவிடும். பிளாஸ்டிக் குழாய்தான், சரிவு மீட்டருக்கு 45 மில்லிமீட்டராவது. வெளியே போயே தீர வேண்டும் என்றால் 32 மில்லிமீட்டருக்குக் குறையாத குழாய் போட்டு, மேலே பஞ்சுறை சுற்றுங்கள். வேலைக்கு வந்த புதிதில் நான் ஒரு மெல்லிய குழாயை வெளியே விட்டுவந்தேன். உறைபனி விழுந்த காலையில் போன்: பாய்லர் "களக் களக்" என்று சத்தம் போட்டு நின்றுவிட்டதாம். போய்ப் பார்த்தால் முழங்கை வளைவில் பனிக்கட்டி அடைத்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி உருக்கினேன். கொதிநீர் ஊற்றாதீர்கள், குழாய் வெடிக்கும்.

வெளியே வெள்ளைப் புகையாக வருகிறது, ஆபத்தா?

இல்லை. அது நீராவிதான். பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கி விடாமல் இருந்தால் சரி.

பழைய ரேடியேட்டர்கள் அப்படியே இருக்கட்டும், குழாய்களைக் கழுவுவது வீண் செலவு என்கிறார் மாட்டுகிறவர்.

அவரிடமே ஒரு ரேடியேட்டரின் அடிநீரை வாளியில் பிடிக்கச் சொல்லுங்கள். மை மாதிரி கறுப்பாக வரும், அது துருப்பொடி. புது பாய்லரின் உள்வழிகள் குறுகலானவை, அந்தப் பொடி போய் அடைத்துவிடும். கழுவி, துரு தடுக்கும் மருந்து ஊற்றி, திரும்பி வரும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்று வையுங்கள்.

நானே மாட்டிக்கொள்ளலாமா?

ரேடியேட்டர், வடிகுழாய் வரை கை வையுங்கள். கேஸ் இணைப்பும் புகைக்குழாயும் உரிமம் உள்ளவர் வேலை. முடிந்ததும் புகையை அளந்த ரீடிங்கை எழுதி வாங்குங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரமும் வையுங்கள்.

பிரஷர் முள் அடிக்கடி இறங்குகிறது.

ஆறிய நிலையில் ஹீட்டிங் தண்ணீரின் அழுத்தம் 1 முதல் 1.5 'பார்' (அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டும். புதிதாக மாட்டிய முதல் சில நாட்கள் காற்று வெளியேறுவதால் கொஞ்சம் இறங்கும், நிரப்பிக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் வாரா வாரம் நிரப்புகிறீர்கள் என்றால் எங்கோ கசிகிறது. முதலில் ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள்.